பி செல் மேக்ரோஃபேஜாக மாறும் அந்த மூன்று நாள்: குரோமாட்டினைப் படிப்படியாகப் பின்தொடர ஒரு முழு வழிகாட்டி

பி செல்லின் வேலை ஆன்டிபாடி செய்வது. மேக்ரோஃபேஜின் வேலை விழுங்குவது: பாக்டீரியா, செத்துப்போன செல், குப்பை, எது கிடைத்தாலும். இரண்டும் எலும்பு மஜ்ஜையில் உள்ள ஒரே ரத்த ஸ்டெம் செல்லின் வம்சம்தான், ஆனால் எப்போதோ பாகம் பிரித்துக்கொண்டு போன பங்காளிகள். 2004இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியில் தாமஸ் கிராஃபின் குழு, எலியின் பி செல்லுக்குள் மரபணுக்களை முடுக்கும் சி/இபிபி-ஆல்ஃபா என்ற ஒரே ஒரு புரதத்தைக் கூடுதலாக உற்பத்தியாக வைத்து, அதை மேக்ரோஃபேஜாக மாற்றிக் காட்டியது. கிராஃப் பின்னர் பார்சிலோனாவுக்குப் போனார். இந்த மாற்றத்தின்போது டி.என்.ஏ. மேல் என்ன நடக்கிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலான பதில்கள் அந்த ஊர் ஆய்வகங்களிலிருந்துதான் வந்தன.

இந்த வழிகாட்டி இரண்டு பேருக்காக. இந்தச் சோதனையைத் தானே செய்யப்போகும் ஆய்வு மாணவருக்கு ஒன்று. செய்யப்போவதில்லை, ஆனால் கட்டுரையைத் திறந்ததும் வரும் படங்களைப் பார்த்து மலைத்து நிற்பவருக்கு இன்னொன்று. செல் வளர்ப்பும் பி.சி.ஆரும் ஓரளவு பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் முன்: எதைத் தேடுகிறோம்?

நம் ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் புரத உருண்டைகளில், ஓர் உருண்டைக்கு 147 எழுத்து என்ற கணக்கில், நூல் சுற்றியது போலச் சுற்றியிருக்கிறது. இந்த டி.என்.ஏ.-புரதக் கட்டுக்குத்தான் குரோமாட்டின் என்று பெயர். எபிஜெனெடிக் மாற்றம் என்றால் எழுத்தைத் தொடாமல் இந்தச் சுற்றலையும் அதன் மேல் ஒட்டிய அடையாளங்களையும் மாற்றுவது. மூன்று தளங்களைப் பிரித்து மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று, அந்த இடம் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? இரண்டு, ஹிஸ்டோனின் வாலில் என்ன சிறு வேதித் துணுக்கு ஒட்டியிருக்கிறது, மெத்திலா அசிட்டைலா? மூன்று, டி.என்.ஏ.வின் சைட்டோசின் எழுத்திலேயே மெத்தில் ஏறியிருக்கிறதா?

புதிதாக வருகிறவர்கள் நேரே மூன்றாவதற்கு ஓடுகிறார்கள். எபிஜெனெடிக்ஸ் என்றாலே மெத்திலேற்றம் என்று பாடப்புத்தகம் பழக்கிவிட்டது. இந்தச் சோதனையில் அங்கே முதலில் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். ஏன் என்பதை ஆறாவது படியில் சொல்கிறேன்.

படி 1: எந்தச் செல்லில் செய்வது?

எலியின் மஜ்ஜையிலிருந்து எடுத்த பி செல்லில் வைரஸ் மூலம் மரபணுவைச் செலுத்தலாம். ஆனால் எல்லாச் செல்லுக்குள்ளும் வைரஸ் நுழையாது, நுழைந்தவையும் ஒரே நேரத்தில் மாறாது. பாதி மாறியது, கால்வாசி மாறியது, மாறாதது எல்லாம் கலந்த கூட்டத்தை அரைத்து ஹிஸ்டோனை அளந்தால் கிடைப்பது சராசரி. நடுவழியில் நிற்கும் செல் எப்படி இருக்கும் என்பதை அந்தச் சராசரி ஒருபோதும் சொல்லாது.

இதற்கு விடையாக 2009இல் கிராஃப் குழு ஒரு செல் வரிசையைத் தந்தது. எலியின் கருக்கல்லீரலிலிருந்து வந்த முன்-பி செல் (முதிராத பி செல்) வரிசையில் சி/இபிபி-ஆல்ஃபாவை ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் ஒரு துண்டோடு ஒட்டி வைத்தார்கள். ஹார்மோன் இல்லாதவரை அந்தக் கலப்புப் புரதம் உட்கருவுக்கு வெளியே முடங்கிக் கிடக்கும். எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை விட்டதும் உள்ளே போய் வேலையைத் தொடங்கும். வழக்கமான அளவு 100 நானோமோலார், கூடவே செல்லை வளர்க்கும் புரதங்களான இன்டர்லூக்கின்-3உம் எம்-சி.எஸ்.எஃப்.உம். இரண்டு மூன்று நாளில் ஏறக்குறைய எல்லாச் செல்லும் மாறிவிடுகிறது. மணி பார்த்து அளக்கும் வேலைக்கு இதைவிட வசதியானது கிடைப்பது அரிது.

மனிதச் செல்லில்தான் வேண்டும் என்றால் அதே குழு 2013இல் வெளியிட்ட பிளேர்1 வரிசை இருக்கிறது. அதே கலப்புப் புரதம்தான், ஆனால் முழு மாற்றத்துக்கு ஒரு வாரம் பிடிக்கும்.

படி 2: கசிவை நிறுத்துங்கள்

கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் ஒரே வரியில் கடந்துபோகும் விஷயம் இது. என்னைக் கேட்டால் முழுச் சோதனையும் இதன் மேல்தான் நிற்கிறது.

செல் வளர்க்கும் ஊடகம் இளஞ்சிவப்பாக இருப்பது ஃபீனால் ரெட் என்ற சாயத்தால். அந்தச் சாயத்துக்கு ஈஸ்ட்ரோஜன் போன்ற மெல்லிய குணம் உண்டு. ஊடகத்தில் சேர்க்கும் கன்றுக்குட்டி சீரத்திலோ நிஜமான ஈஸ்ட்ரோஜனே இருக்கும். ஆக, எஸ்ட்ராடையால் விடும் முன்பே கலப்புப் புரதம் கொஞ்சம் கொஞ்சமாக உட்கருவுக்குள் புகுந்துகொண்டிருக்கும். உங்கள் 0 மணி மாதிரி அப்போது உண்மையான 0 அல்ல. ஃபீனால் ரெட் இல்லாத ஊடகமும் கரித்தூளால் ஹார்மோன் நீக்கிய சீரமும் வாங்குங்கள். விலை கூடுதல்தான், வேறு வழியில்லை.

நான் ஒருமுறை ஊடகம் தீர்ந்துபோய், பக்கத்து மேசையிலிருந்து சாதாரண ஊடகத்தை இரண்டு நாளுக்குக் கடன் வாங்கினேன். 0 மணிக் குழாயிலேயே மேக்ரோஃபேஜ் மரபணுக்கள் லேசாகத் தலைகாட்டின. "முன்பே தயார்நிலையில் இருக்கும் மரபணுக்கள்" என்று ஒரு அழகான கதையைக்கூட மனதுக்குள் எழுதிவிட்டேன். கடைசியில் அது சாயத்தின் வேலை.

எஸ்ட்ராடையாலைக் கரைக்கப் பயன்படும் எத்தனாலை மட்டும் விட்ட ஒரு தட்டும், கலப்புப் புரதம் இல்லாத தாய்ச் செல்லுக்கு எஸ்ட்ராடையால் விட்ட ஒரு தட்டும் ஒவ்வொரு முறையும் கூடவே ஓடட்டும்.

படி 3: மணிக்கணக்கு

0, 3, 12, 24, 48, 72 மணி என்று ஆறு புள்ளிகள் போதும். பணம் குறைவென்றால் 12ஐ விட்டுவிடுங்கள், 3ஐ மட்டும் விடாதீர்கள். முதல் சில மணிகளில்தான் காரணமும் விளைவும் தனித்தனியாகத் தெரியும். 72இல் எல்லாம் முடிந்த பின் யார் யாரைத் தூண்டியது என்று கேட்டுப் பயனில்லை.

எல்லாத் தட்டையும் ஒரே நேரத்தில் தொடங்கி வெவ்வேறு நேரத்தில் அறுவடை செய்வதைவிட, தொடக்கத்தைத் தள்ளித் தள்ளி வைத்து எல்லாவற்றையும் ஒரே மணிக்கு அறுவடை செய்யுங்கள். ஒரே கரைசல், ஒரே கை, ஒரே நாள். இரவு இரண்டு மணிக்கு ஆய்வகத்துக்கு வரும் அவஸ்தையும் குறையும்.

படி 4: நிஜமாகவே மாறியதா?

செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் இரண்டு அடையாளங்களைப் பாருங்கள். பி செல்லின் மேலிருக்கும் சிடி19 இறங்க வேண்டும், மேக்ரோஃபேஜின் மேக்-1 ஏற வேண்டும். படத்தில் செல் கூட்டம் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு வில்போல் வளைந்து நகரும்.

இங்கே இரண்டு குழிகள். மேக்ரோஃபேஜின் மேற்பரப்பில் ஆன்டிபாடியின் வாலைப் பிடிக்கும் எஃப்.சி. ஏற்பிகள் நிறைய உண்டு, அதுதான் அதன் தொழில். நீங்கள் விடும் சிடி19 ஆன்டிபாடியையும் அது வாலைப் பிடித்து ஒட்டவைத்துக்கொள்ளும். திரையில் அந்தச் செல் இன்னும் பி செல் போலவே ஒளிரும். முதலில் சிடி16/32 தடுப்பானை விட்டு அந்த ஏற்பிகளின் வாயை அடைத்துவிட்டுத்தான் சாயமேற்ற வேண்டும்.

இரண்டாவது குழி இன்னும் சாதாரணமானது. முன்-பி செல் ஊடகத்தில் மிதக்கும். மேக்ரோஃபேஜ் தட்டில் ஒட்டும். பழக்கதோஷத்தில் மிதப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்தால் நன்றாக மாறிய செல்களைத் தட்டோடு குப்பையில் போட்டுவிட்டு, மந்தமாக மாறியவற்றை மட்டும் அளப்பீர்கள். தட்டைக் குளிர்ந்த ஈ.டி.டி.ஏ. கரைசலால் கழுவி, ஒட்டியதையும் சேர்த்தே எடுங்கள்.

அடையாளம் மட்டும் போதாது, வேலையும் மாறியிருக்க வேண்டும். ஒளிரும் மணிகளைப் போட்டு விழுங்குகிறதா பாருங்கள். பாக்டீரியா உறையின் பொருளான எல்.பி.எஸ். கொடுத்து அழற்சி மரபணுக்கள் எழும்புகின்றனவா பாருங்கள்.

இன்னும் ஒரு சோதனை, எனக்கு இதில் மிகவும் பிடித்தது. பி செல் வளரும்போது ஆன்டிபாடி மரபணுவின் வி, டி, ஜே துண்டுகளை வெட்டி ஒட்டிக்கொள்கிறது. இது அடையாளம் ஒட்டும் வேலை இல்லை, டி.என்.ஏ.வையே வெட்டித் தூர எறியும் வேலை. அந்தத் தழும்பு திரும்ப மறையாது. மாறி முடித்த மேக்ரோஃபேஜில் இந்தப் பகுதிக்குப் பி.சி.ஆர். போட்டால் அதே வெட்டு அப்படியே இருக்கும். எங்கிருந்தோ கலந்துவிட்ட மேக்ரோஃபேஜ் அல்ல, பி செல்லே மாறியது என்பதற்கு 2004இல் காட்டப்பட்ட சான்றுகளில் இதுவும் ஒன்று.

படி 5: திறந்த இடமும் ஹிஸ்டோன் வாலும்

திறந்த இடங்களைக் கண்டுபிடிக்க அட்டாக்-சீக் முறை. 2013இல் ஸ்டான்ஃபோர்டில் வந்தது. டி.என்.5 என்ற நொதி திறந்த இடத்தில் வெட்டி அங்கேயே ஓர் ஒட்டுத்துண்டைச் செருகும். 50,000 செல், 37 டிகிரி, அரை மணி நேரம். செல்லை எண்ணுவதில் சோம்பல் வேண்டாம். செல் குறைந்தால் நொதி மிஞ்சி, மூடிய இடத்தையும் கடித்துவைக்கும்.

ஹிஸ்டோனுக்குச் சிப்-சீக், அதாவது அடையாளத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் டி.என்.ஏ. துண்டுகளை இழுத்தெடுத்துப் படிக்கும் முறை. 1 சதவீத ஃபார்மால்டிஹைடில் 10 நிமிடம், பிறகு கிளைசின் விட்டு நிறுத்தி, ஒலி அலையால் 200 முதல் 500 எழுத்துத் துண்டுகளாக உடைப்பது. மூன்றாம் நாள் செல் பெரிதாகி உள்ளுறுப்பெல்லாம் மாறியிருக்கும். முதல் நாள் செல்லுக்கு ஒத்துவந்த உடைக்கும் நேரம் இதற்கு ஒத்துவராமல் போகலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாகச் சரிபாருங்கள். மொத்த அளவே மாறுகிறதா என்ற சந்தேகம் தீர, பழ ஈயின் குரோமாட்டினை ஒவ்வொரு குழாயிலும் ஒரே அளவு கலந்துவிட்டு அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

எந்த அடையாளங்கள்? மூன்றாம் ஹிஸ்டோனின் 4ஆம் லைசினில் ஒற்றை மெத்தில் இருந்தால் அது என்ஹான்சர், அதாவது தொலைவிலிருந்து மரபணுவை முடுக்கும் பகுதி. 27ஆம் லைசினில் அசிட்டைலும் சேர்ந்தால் அந்த என்ஹான்சர் இப்போது வேலையில் இருக்கிறது. 4ஆம் லைசினில் மூன்று மெத்தில் என்றால் ஓடும் மரபணுவின் வாசல், அதாவது புரோமோட்டர். 27ஆம் லைசினில் மூன்று மெத்தில் என்றால் அடக்கி வைத்த இடம். ஒரே 27ஆம் லைசினில் அசிட்டைல் இருந்தால் ஓடுவது, மெத்தில் இருந்தால் அடங்குவது. கட்டுரை படிக்கும்போது இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

2015இல் கிராஃப் குழு இந்த வரைபடத்தைப் போட்டபோது மேக்ரோஃபேஜ் என்ஹான்சர்கள் இரண்டு ஜாதியாகப் பிரிந்தன. முதல் ஜாதி, பி செல்லிலேயே பாதி தயாராக இருப்பவை. அங்கே மரபணுவை முடுக்கும் இன்னொரு புரதமான (காரணி) பியூ.1 முன்பே துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறது. ஒற்றை மெத்தில் இருக்கும், அசிட்டைல் இருக்காது. சி/இபிபி-ஆல்ஃபா வந்து சேர்ந்ததும் எழும்புகின்றன. இரண்டாம் ஜாதி, பி செல்லில் எந்தத் தடயமும் இல்லாதவை. மூடிய குரோமாட்டினுக்குள் சி/இபிபி-ஆல்ஃபாவே முதல் ஆளாகப் புகுந்து திறக்கிறது.

உங்கள் தரவில் இந்த இரண்டையும் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வரையாதீர்கள். 0 மணியில் ஒற்றை மெத்திலும் பியூ.1உம் இருந்தவை ஒரு பக்கம், இல்லாதவை மறுபக்கம். பிரித்த பிறகு இரண்டின் நேர ஓட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பி செல் ஏன் இவ்வளவு சுலபமாக மாறுகிறது என்பதற்கு முதல் ஜாதி ஒரு பாதிப் பதில், ஏனெனில் பி செல்லுக்கும் பியூ.1 தேவை, அதைக் கையில் வைத்துக்கொண்டேதான் அது வாழ்கிறது. 2008இல் தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லை மேக்ரோஃபேஜ் போல ஆக்கியபோது இரண்டு காரணிகளையும் வெளியிலிருந்தே கொடுக்க வேண்டியிருந்தது.

மறுபக்கம் பி செல் மரபணுக்கள் அணைய வேண்டும். அங்கே தலைவர் பேக்ஸ்5 என்ற காரணி. பி செல் மரபணுக்களை ஓட்டுவதோடு மற்ற வம்சத்து மரபணுக்களை அமுக்கி வைப்பதும் அதன் வேலை. வியன்னாவில் 1999இலேயே பேக்ஸ்5 இல்லாத இளம் பி செல்கள் மேக்ரோஃபேஜ் உட்படப் பல திசைகளில் போவதைக் காட்டிவிட்டார்கள். சி/இபிபி-ஆல்ஃபா இந்த பேக்ஸ்5இன் செயலைத் தடுப்பதால்தான் சிடி19 சரிகிறது. எச்டாக்7 என்ற நொதியும் பி செல்லில் மேக்ரோஃபேஜ் மரபணுக்களை அடக்கி வைக்கிறது. அதை விடாப்பிடியாக ஓடவைத்தால் மாற்றம் தடைபடுகிறது என்று 2013இல் பார்சிலோனாவிலேயே இன்னொரு குழு காட்டியது.

படி 6: மெத்திலேற்றம், அந்தப் பெரிய ஏமாற்றம்

2012இல் இதே செல் வரிசையை வைத்து இரண்டு ஆய்வுகள் வந்தன. எஸ்தேபன் பாயெஸ்தார் குழு சொன்னது: செல் முழுதாக மாறிவிடுகிறது, ஆனால் புரோமோட்டர்களின் டி.என்.ஏ. மெத்திலேற்றத்தில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை, ஹிஸ்டோன் அடையாளங்கள்தான் மாறுகின்றன. கிராஃப் குழுவின் மற்ற ஆய்வு சொன்னது: மெத்திலை நீக்கும் பாதையில் முதல் வேலை செய்யும் டெட்2 நொதியை சி/இபிபி-ஆல்ஃபா முடுக்குகிறது, டெட்2ஐக் குறைத்தால் மேக்ரோஃபேஜ் அடையாளங்களும் விழுங்கும் திறனும் குன்றுகின்றன.

மெத்தில் மாறவே இல்லை என்கிறது ஒன்று, மெத்திலைத் தொடும் நொதி வேண்டும் என்கிறது மற்றொன்று. எது சரி? இரண்டும்தான்.

டெட்2 மெத்திலை ஒரே அடியில் பிடுங்குவதில்லை. முதலில் அதை ஹைட்ராக்ஸிமெத்திலாக மாற்றுகிறது. நாம் மெத்திலை அளக்கும் வழக்கமான பைசல்ஃபைட் முறைக்கு இந்த இரண்டும் ஒன்றுதான், பிரித்தறியத் தெரியாது. மெத்தில் ஹைட்ராக்ஸிமெத்திலாக மாறிய இடத்தில்கூட "மாற்றமில்லை" என்றே காட்டும். பூட்டில் சாவி நுழைந்து திரும்பிவிட்டது, பூட்டு இன்னும் கதவில் தொங்குகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பூட்டியது போலவே தெரியும். டெட்2 ஆய்வு ஹைட்ராக்ஸிமெத்திலைத் தனியாக அளந்தது, ஒரு சிறு மரபணுக் கூட்டத்தின் புரோமோட்டர்களில் அது விரைவாக ஏறுவதைப் பார்த்தது. எண்ணிக்கையில் சிறியது என்பதால் மொத்தக் கணக்கில் அது எடுபடாது.

ஆகவே செய்ய வேண்டியது: ஹைட்ராக்ஸிமெத்திலைப் பிரித்துக் காட்டும் ஆக்ஸிஜனேற்ற பைசல்ஃபைட் முறையோ, அதற்கான ஆன்டிபாடியோ சேர்த்துக்கொள்ளுங்கள். புரோமோட்டரோடு நிற்காமல் படி 5இல் பிரித்து வைத்த என்ஹான்சர் பட்டியலிலும் அளந்து பாருங்கள். இரண்டு ஜாதிக்கும் தனித்தனியாக.

இன்னொரு திருப்பமும் உண்டு. மெத்தில் டி.என்.ஏ.விலும் ஹிஸ்டோனிலும் மட்டும் ஏறுவதில்லை. சி/இபிபி-ஆல்ஃபாவின் 35ஆம் இடத்து ஆர்ஜினினிலேயே கார்ம்1 என்ற நொதி மெத்தில் ஏற்றுகிறது. அந்த ஆர்ஜினினை வேறு அமினோ அமிலமாக மாற்றிய புரதம் பியூ.1ஐ இன்னும் இறுகப் பிடித்து, செல்லை வேகமாக மாற்றுகிறது என்று 2023இல் வெளிவந்தது.

படி 7: அடையாளம் காரணமா, விளைவா?

வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உடன்நிகழ்வுதான். காரணம் என்று சொல்ல வேண்டுமானால் ஒன்றைக் கலைத்துப் பார்க்க வேண்டும்.

எளிய கலைப்பு, எஸ்ட்ராடையாலைக் கழுவி எடுப்பது. 6, 12, 24, 36, 48 மணிகளில் கழுவிவிட்டு, 72ஆம் மணியில் செல் எந்தப் பக்கம் நிற்கிறது பாருங்கள். இந்த வரிசையில் ஒரு நாளைக்கும் இரண்டு நாளைக்கும் இடையில் செல் அந்த வெளிப்புரதத்தை நம்பாமல் தன் காலில் நிற்கத் தொடங்கிவிடுகிறது. உங்கள் தட்டில் அந்த வரம்பு எங்கே விழுகிறது என்று தெரிந்தால், அதற்கு முன் ஏறிய அடையாளம் எது, பின் ஏறியது எது என்று பிரிக்கலாம். அதன் பிறகு டெட்2, எச்டாக்7 என்று ஒவ்வொன்றாகக் குறைத்தோ கூட்டியோ பார்ப்பது.

"செல் முதலில் பின்னோக்கிப் போய் ஸ்டெம் செல் போலாகி, பிறகு மேக்ரோஃபேஜாகிறது" என்ற சந்தேகத்தைத் தேர்வாளர் கட்டாயம் கேட்பார். 2011இல் இதைத் தேடியபோது அப்படி வெளிப்படையான பின்னோட்டம் எதுவும் தென்படவில்லை. பங்காளி வீட்டுக்குப் போகப் பாட்டன் வீட்டைச் சுற்றிக்கொண்டு போகவில்லை, சுவரேறிக் குதித்துவிடுகிறது. செல் பிரிவதுகூடக் கட்டாயமில்லை. பிரியாத செல்லும் மாறுகிறது. டி.என்.ஏ. நகலாகும்போது பழைய அடையாளங்கள் நீர்த்துப்போவதால்தான் மாற்றம் நடக்கிறது என்ற விளக்கம் ஆகவே இங்கே முழுதாகப் பொருந்தாது.

பாதியில் நிறுத்தினால் நடக்கும் வினோதம் ஒன்று: பி செல்லுக்கு 18 மணி நேரம் மட்டும் சி/இபிபி-ஆல்ஃபாவைக் கொடுத்து, பிறகு முதிர்ந்த செல்லைப் பின்னோக்கித் திருப்பும் யமனக்காவின் நான்கு காரணிகளைக் கொடுத்தால் அது அபார வேகத்தில் ஐ.பி.எஸ். செல்லாகிறது, அதாவது உடலின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய செல். 2014இல் வந்த செய்தி. டெட்2 அதிலும் பங்கெடுக்கிறது.

ஹை-சி முறையில் குரோமாட்டின் மடிப்பைப் பார்ப்பது, ஒவ்வொரு செல்லாக ஆர்.என்.ஏ. படிப்பது எல்லாம் அடுத்த கட்டம். மேலே சொன்னவை சரியாக வராமல் அங்கே போவது காசுக்குக் கேடு.

மருத்துவமனைப் பக்கம்

பிளேர்1 வரிசையைத் தந்த 2013ஆம் ஆண்டு ஆய்வில் பி செல் ரத்தப்புற்று வரிசைகளை மேக்ரோஃபேஜாக மாற்றியபோது எலியில் கட்டி உண்டாக்கும் திறன் குன்றியது. புற்றுச் செல்லைக் கொல்லாமல் வேறு வேலைக்கு மாற்றிவிடலாமா என்ற ஆசை அங்கிருந்து வளர்கிறது. சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

தானாக நடக்கும் மாற்றமோ தலைவலி. டி செல்லை மாற்றியமைத்துப் புற்றின் மேல் ஏவும் கார்-டி செல் சிகிச்சை சிடி19ஐக் குறிவைக்கும்போது, அதற்குப் பின் சில நோயாளிகளில், குறிப்பாக எம்.எல்.எல். மரபணு உடைந்து இணைந்த வகையில், பி செல் ரத்தப்புற்று மைலாய்டு (மேக்ரோஃபேஜ் சேர்ந்த வம்சம்) வகையாக உருமாறித் திரும்பி வருகிறது. சிடி19 இருக்காது, மருந்துக்குப் பிடிபடாது. முதல் பார்வையில் புதிதாக வேறொரு ரத்தப்புற்று வந்ததுபோல இருக்கும். பழையதும் புதியதும் ஒரே வம்சமா என்று பார்க்க இரண்டிலும் எம்.எல்.எல். உடைந்து இணைந்த அதே எழுத்துப் புள்ளியைத் தேடுவார்கள். கூடவே, படி 4இல் பார்த்த அந்த வி-டி-ஜே வெட்டுக்கும் ஒரு பி.சி.ஆர். போட்டுப் பார்ப்பார்கள்.